அங்கை ஆர் ஊத்துறது?

கோண்டாவில்
8.2.1938

அண்ணை,

எங்கடை ஐயா தண்ணீர் விற்கிறார். உங்கள் பெயரில் காணி உறுதி எழுதிய கிணற்றிலிருந்து, உங்களுக்குத் தெரிந்தே விற்கிறார்.

சுகம் விசாரிக்க முன்னம் இதை எழுதிவிட வேண்டும் போலிருந்தது. இனி முறைப்படி எழுதுகிறேன். அம்மாவின் கால் வீக்கம் வற்றவில்லை. மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கச்சி நல்லம்மாவுக்குச் சண்டிலிப்பாயில் கலியாணப் பேச்சு நடக்கிறது. தைப்பிங் மழை உங்களை எப்படி வைத்திருக்கிறது?

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்து ஒரு மாதமாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பட்டினங்களுக்குத் தண்ணீர் வரும் விதம் என்று ஒரு பாடம். படத்தில் மலை, ஆறு, அணை. எங்கடை பிள்ளைகள் மூன்றையும் கண்டதில்லை. ஆகவே நீங்கள் போன வருஷம் எழுதிய கடிதத்தை வாசித்தேன். தெருவோரக் குழாயைத் திருகினால் சீனனும் மலாய்க்காரனும் தோட்டத்துக் கூலியும் தாங்களே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம். வாசித்து முடிய, கமலாவதி எழும்பினாள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் ஏரம்புவின் மகள். வயது பன்னிரண்டு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவள் கமலி. வகுப்பில் பெயர் கூப்பிடும் இடாப்பில் ஏரம்பு முழுப்பெயர் கொடுத்திருக்கிறான்.

“வாத்தியார், அங்கை ஆர் ஊத்துறது?”

“ஒருத்தரும் ஊத்திறேல்லை. குழாயைத் திருகினால் வரும்.”

“அது விளங்குது. திருகி விடுற ஆள் ஆர்?”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அவள் ஒரு நல்லதண்ணிக் கிணற்றுக் கயிற்றையும் தொட்டதில்லை. எங்கள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். எங்களில் ஒருவர் மனம் வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்பாள். ஊற்றும் ஆள் இல்லாத தண்ணீரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போன சனிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளையும் குருநகருக்கு நடத்திக்கொண்டு போனேன். பட்டினத்தின் தண்ணீரைக் கண்ணால் பார்க்கட்டும் என்று. அங்கே லூர்த்தம்மா என்று ஒரு மனுசி, மீன்காரர் வீடு, தங்கள் தெருக் கிணற்றைக் காட்டினாள். “உந்தத் தண்ணியிலை பருப்பும் அவியாது, சவுக்காரமும் நுரைக்காது பிள்ளையள். நல்லதண்ணி வண்டிலிலை வரும். வண்டில்மாட்டுக்குக் காய்ச்சலெண்டால் எங்கடை தெருவுக்கே காய்ச்சல்.”

கமலாவதிக்குத் தாகம். பழக்கத்தில் தள்ளி நின்று இரண்டு கையையும் ஏந்தினாள். லூர்த்தம்மாவுக்கு விளங்கவில்லை.

“சேசுவே! ஏன் பிள்ளை, உனக்கென்ன கையில்லையே? கயிறு கிடக்கு, அள்ளிக் குடி.”

அள்ளினாள். பாதி சிந்திற்று. மிச்சத்தைக் கடைசித் துளிவரை குடித்தாள். உப்பில்லையா என்று கேட்டேன். “உப்புத்தான். நானே அள்ளினது,” என்றாள்.

அதற்குள் தண்ணீர் வண்டில் வந்தது. பீப்பாவில் நல்லதண்ணி, குடம் குடமாக விற்பனை. எங்கே அள்ளுகிறது என்று வண்டில்காரன் சூசைதாசனிடம் பிள்ளைகள் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “வெறும் வண்டில் திரும்பிப் போகேக்கை பின்னாலை வாருங்கோவன்.” வந்தோம், நாலு மைல்கட்டை தூரம். வண்டில் ஒரு படலையில் நின்றது.

“வாத்தியார், இது உங்கடை வீடு!”

விடிய வரும் வண்டில் வாழைக்குலைக்கு வருகிறது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் விற்பதாக ஐயா சொன்னார். பதில் எழுதுங்கள். பாடத்தை எந்த இடத்தில் முடிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் தம்பி,
கதிரவேலு

*

தைப்பிங்
2.3.1938

அன்புள்ள தம்பி கதிரவேலுவுக்கு,

உன் கடிதம் கண்டு வீட்டுச் சுகம் அறிந்தேன். நானும் சுகமே. இங்கே மழை விட்டால்தான் செய்தி. அம்மாவைக் காலைத் தொங்கவிட்டு இருக்க வேண்டாமென்று சொல்லு.

வண்டில் விஷயம் நான் அறிந்ததுதான். இறைக்க இறைக்க ஊறும் கிணறு. இல்லாத ஊருக்குக் கொடுத்தால் என்ன பிழை? ஆனால் நீ வீட்டுப் படலைவரை வகுப்பைக் கூட்டி வந்தது சரியில்லை. அந்தக் காணியும் கிணறும்தான் நல்லம்மாவுக்குச் சீதனம் என்று ஐயா எழுதியிருக்கிறார். சண்டிலிப்பாய் ஆட்கள் எதையும் விசாரித்தறிவார்கள். பிள்ளைகளுக்கு நன்றாகப் படிப்பி. வீட்டைப் பாடமாக்காதே.

உன் மாணவியின் கேள்வியை இங்கே வீட்டில் வாசித்துக் காட்டினேன். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

றெயில்வே ஸ்டோரில் கழித்த அளவுநாடா ஒன்று தபாலில் வருகிறது. அறுபத்தாறு அடி. முதல் இரண்டு அங்குலம் அழிந்திருக்கும், கணக்கிற் சேர்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
சண்முகநாதன்

*

கோண்டாவில்
6.4.1938

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தமுறை உடம்பால் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன்.

அளவுநாடா கிடைத்தது. பிள்ளைகள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இரண்டு சனிக்கிழமைகளில் ஊரிலே பதினொரு கிணறு அளந்தோம். பெரிய தாளில் அட்டவணை போட்டோம்: நீர்மட்டம், ஆழம், சுவை, எத்தனை வீட்டார் பாவிக்கிறார்கள். இன்னும் என்ன சேர்க்கலாம் என்று கேட்டேன். கமலாவதி, “காத்திருந்த நேரம்,” என்றாள். என் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். ஒரு கிணற்றில் ஒன்றேகால் மணித்தியாலம். எங்கள் கிணற்றில் ஐம்பது நிமிஷம். “உங்கடை வீடு பரவாயில்லை வாத்தியார்,” என்றாள். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

பிழை நான் விட்டது. பத்துக் கிணற்றிலும் நானே அள்ளினேன், பிறத்தியார் கிணறு என்ற பயத்தில். கடைசியாக எங்கள் கிணறு. வீட்டுக் கிணறுதானே என்று, ஆளுக்கு ஒரு வாளி அள்ளிக் கயிறு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டு, இடாப்பு ஒழுங்கில் பெயர் கூப்பிட்டேன். ஐந்தாவது பெயர் கமலாவதி. கூப்பிட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குருநகரில் அள்ளியவள், வந்தாள், கயிற்றைப் பிடித்தாள். இந்தமுறை ஒரு துளி சிந்தவில்லை.

“பதினெட்டடி ஆறங்குலம், வாத்தியார்!”

குசினி வாசலில் அம்மாவின் கையிலிருந்து சுளகு விழுந்தது. ஐயா சத்தம் போடவில்லை. “படிப்பிச்சது காணும். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ,” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளும் கிணற்றை இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் மிளகாய்க் கன்றுக்குப் பாய்ந்தது. ஐயா தீட்டைக்கூட வீணாக்க மாட்டார். வாய்க்கால் வெட்டித் திருப்பி விட்டவன் ஏரம்பு. அவனைக் கூப்பிட்டு அதைச் செய்வித்தார்கள். அவனும் குனிந்த தலை நிமிராமல் செய்தான். மூன்றாம் நாள் சூசைதாசனின் வண்டில் வழக்கம்போல் நிரம்பிப் போயிற்று. ஏரம்பு பகுதியார் ஒன்பது வீட்டுக்கும் அன்றோடு தண்ணீர் இல்லை.

ஐயாவுக்கு எழுதுங்கள். உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார்.

தம்பி,
கதிரவேலு

*

தைப்பிங்
30.4.1938

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் தடிமனும் தும்மலும், இப்போது மாறிவிட்டது.

ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். பொறுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். நீயும் பொறுத்துப் போ. இப்படியான விஷயங்கள் மழை வரத் தானே ஆறும். நல்லம்மாவின் பொருத்தம் சரிவந்ததாக அறிந்து சந்தோஷம். கலியாணம் தை மாதம் என்றால் உறுதி எழுதுவதற்கு வேண்டியதை முன்கூட்டி அறிவிக்கச் சொல்லு.

அந்தப் பிள்ளை, தான் அள்ளிய தண்ணீரைக் குடித்தாளா?

அண்ணன்,
சண்முகநாதன்

*

கோண்டாவில்
24.5.1938

அன்புள்ள அண்ணைக்கு,

குடிக்கவில்லை. அளந்துவிட்டு வாளியை எனக்கு நீட்டினாள். நான் திருப்பிக் கிணற்றில் ஊற்றினேன்.

நீங்கள் எழுதியதும் ஐயா பொறுமையாகத்தான் இருக்கிறார். பொறுமையாக மறிக்கிறார். ஊரிலே மற்றக் கிணற்றுக்காரரும் அவரோடு நிற்கிறார்கள், ஒன்பது வீட்டுக்கும் ஒருவரும் ஊற்றுவதில்லை. வயலுக்கு அப்பால் ஒரு பாழ்கிணறு இருக்கிறதே, மாடு கழுவும் கிணறு, அங்கேதான் போகிறார்கள். ஏரம்புவின் மனைவிக்கு வயிற்றோட்டம். கமலாவதி மூன்று கிழமையாகப் பள்ளிக்கூடம் இல்லை. விடிய ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை, நடைக்கு இரண்டு மணித்தியாலம்.

நேற்று ஐயாவோடு கதைத்தேன்.

“ஊத்தாமல் விட்டால் அதுகள் எங்கை போகும்?”

“குருநகருக்குப் போகட்டும். அங்கை கயிறு குடுக்கினமாமே.”

“வண்டிலுக்கு அள்ளுறியள்தானே?”

“வண்டில் கயித்தைத் தொடேல்லை.” பிறகு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: “இடாப்பிலை உவளின்ரை பேரை வெட்டிப்போட்டு வா. அண்டைக்கு ஊத்துவம். நான் கொடுமைக்காரன் இல்லை.”

தலைமையாசிரியரும் அதையே, கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார்.

அண்ணை, உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. ஒரு கடிதம் போதும், கையெழுத்துப் போட்டு: ஏரம்பு பகுதியார் இந்தக் கிணற்றில் தங்கள் கையால் அள்ளலாம், இது சொந்தக்காரனின் சம்மதம் என்று. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேட்டுவிட்டேன், செல்லும் என்றார். ஐயா கோபிப்பார், ஆனால் உங்கள் எழுத்துக்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்று கேட்கவேண்டும். முன்னர் ஒரு கடிதத்தில், வீட்டில் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் தனியே இருப்பதாகவே நாங்கள் நினைத்திருக்கிறோம்.

தம்பி,
கதிரவேலு

*

தைப்பிங்
12.7.1938

அன்புள்ள தம்பிக்கு,

பதில் சுணங்கியதற்குக் குறை நினைக்காதே. றெயில்வே கந்தோரில் ஆள் குறைவு, வருஷ நடுக் கணக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கிறேன். நல்லம்மாவுக்குச் சீனத்துப் பட்டு ஒன்று, கலியாணத்துக்கு முன் தைக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லு. இந்த வருஷமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது. சன்னதிக்கு நேர்த்தி வைத்ததை ஐயா ஞாபகமாகச் செய்துவிடட்டும்.

எல்லாருக்கும் என் அன்பு.

அண்ணன்,
சண்முகநாதன்

*

கோண்டாவில்
3.8.1938

அண்ணைக்கு,

போர்வை கிடைத்தது. பட்டுக் கிடைத்தது. கடிதம் கிடைக்கவில்லை. நான் கேட்ட கடிதத்தைச் சொல்கிறேன்.

இனி அவசரம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. போன மாதம் ஏரம்பு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வகுப்புக்குள் வரவில்லை, வேலியடியில் நின்றான். நான் வெளியே போனேன்.

“வாத்தியார், பிள்ளையின்ரை பேரை வெட்டுங்கோ.”

“ஐயா சொல்லிவிட்டவரே?”

“நயினார் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன். மாடு கழுவுற கிணறும் வத்திப்போச்சு. படிப்பில்லாமல் எங்கடை சனம் கனகாலம் இருந்திட்டுது. தண்ணியில்லாமல் ஒரு கிழமை இருக்கேலாது.”

எவ்வளவோ சொன்னேன். அண்ணை எழுதுவார், பொறு என்றேன். “அவர் நல்லவர். எழுதட்டும். அது வருமட்டும் என்னத்தைக் குடிக்கிறது?” என்றான். உள்ளே வந்து சிவப்பு மையால் பெயரை வெட்டினேன். வெட்டியது என் கை. ஐயாவும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை.

ஐயா சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே தண்ணீர். அம்மாவுக்குக் கால் ஏலாது. கலியாணம் பேசிய பெண் கிணற்றடியில் நிற்கக்கூடாதாம், ஆகவே நல்லம்மாவும் இல்லை. “நீதானே அவையளுக்காகக் கதைச்சது, நீயே ஊத்து,” என்றார் ஐயா. பள்ளிக்கூடம் போகுமுன் ஒன்பது வீட்டுக் குடங்களுக்கும் நான் ஊற்றுகிறேன். நான் ஊற்றாத நாளில் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. போன கிழமை எனக்குக் காய்ச்சல். எழும்பிப் போய் ஊற்றிவிட்டுத்தான் படுத்தேன். பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகக் கூப்பிட்டார்கள். போகமுடியாது. போனால் யார் ஊற்றுவது?

கமலாவதி வரிசையில் நிற்கிறாள். அவள் கையேந்துகிறாள், நான் ஊற்றுகிறேன். நான் அவளுடைய வாத்தியார். முந்தநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: “இண்டைக்குக் கிணத்துத் துலாக்காலின்ரை நிழல் ஒரு சாணும் நாலு விரலும் நகந்துது, வாத்தியார்.” கடிகாரத்தைத் திருப்பி வாங்கிவிட்டேனே, அதனால் நிழலில் அளக்கிறாள். அட்டவணைக்கு.

நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? ஐயாவுக்குப் பயமென்றால் பயம் என்று எழுதுங்கள். அதையாவது நான் மதிப்பேன்.

கதிரவேலு

*

தைப்பிங்
10.9.1938

தம்பி,

இதை வாசித்ததும் எரித்துவிடு.

நான் தனியாக இல்லை. நாலு வருஷமாக றோஸ் என்ற பெண் என்னோடு வாழ்கிறாள். பதிவுக் கந்தோரில் எழுதிக் கலியாணம் செய்தோம். எங்களுக்கு ஒரு மகள், அருந்ததி, வயது இரண்டு. றோஸின் தாய் தகப்பன் தென்மராட்சியிலிருந்து ஒரு டாக்குத்தர் குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர்கள். ஏரம்புவின் பகுதியார்தான், கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவர்கள். இந்த நாலு வருஷமும் நான் லீவில் வராததன் காரணம் இப்போது உனக்கு விளங்கும்.

உன் முதற் கடிதத்தை அவளுக்குத்தான் வாசித்தேன். தென்மராட்சியில் இருந்த சின்ன வயதில் அவளும் கிணற்றடியில் நின்றிருக்கிறாள். கையேந்திக் குடிக்கும்போது தண்ணீர் முழங்கையால் வழிந்து சட்டை நனையுமாம், நனைத்ததற்கு வீட்டில் அடி விழுமாம். அந்தப் பிள்ளை குடித்தாளா என்று கேட்கச் சொன்னவளும் அவள்தான். குடிக்கவில்லை என்று நீ எழுதியதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. குடித்தாள் என்றேன்.

நீ கேட்ட கடிதத்தை நாலு தரம் எழுதினேன். எழுதினால், தைப்பிங்கில் இருக்கும் சண்முகநாதனுக்கு இந்தச் சனத்தில் என்ன அக்கறை என்று ஒருவன் கேட்பான். இங்கே எங்கடை ஊரார் பதினேழு குடும்பம். அவர்கள் றோஸை என் சமையற்காரி என்று நினைத்திருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஒருவன் வாய் திறந்தால் சண்டிலிப்பாய்க்குச் செய்தி போக ஒரு தபால் போதும். நல்லம்மாவின் கலியாணம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவளை யார் கேட்பார்கள்?

நீ கிணற்றடியில் நிற்கிறாய். நான் இங்கே நிற்கிறேன். இனி இதைக் கேட்காதே.

அண்ணன்

*

கோண்டாவில்
20.10.1938

அன்புள்ள அண்ணைக்கு,

எரிக்கவில்லை. ஒருவருக்கும் காட்டவும் இல்லை. அட்டவணை எழுதிய மிச்சத் தாள்களுக்கிடையில் வைத்திருக்கிறேன்.

றோஸ் மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான். அருந்ததிக்குப் பல் எல்லாம் முளைத்துவிட்டதா? நடக்கிறாளா, ஓடுகிறாளா? சித்தப்பன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிக்கொடுங்கள்.

நீங்கள் பயந்தவர் என்று நினைத்திருந்தேன். அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் சமையற்காரி என்று மற்றவர்கள் சொல்ல நீங்கள் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தியைத் தள்ளி நிற்க வைத்திருக்கிறீர்கள், அண்ணை. குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு.

இங்கே ஒரு செய்தி. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்தார். சுவரில் எங்கள் அட்டவணை. தலைமையாசிரியர் முதல் நாளே, காத்திருந்த நேரம் என்ற கடைசி நிரலைக் கத்தரித்துவிட்டு, வெட்டிய விளிம்பில் சரிகைக் கடதாசி ஒட்டியிருந்தார். துரைக்கு மெத்தச் சந்தோஷம். பிள்ளைகள் தங்கள் பட்டினத்தின் நீரை நேரிற் சென்று கற்றுள்ளனர் என்று புத்தகத்தில் எழுதிப் போனார். எனக்குக் கை தந்தார். அன்று காலை ஊற்றிய ஈரம் என் சட்டைக் கையில் காயவில்லை.

நல்லம்மாவைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். அவளிடம் உங்கள் கதையைச் சொல்லாமல், கிணற்றுக் கதையை மட்டும் கேட்டேன். “எனக்கு எழுதப் போற கிணறு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டால் அள்ளட்டும் எண்டுதான் சொல்லுவன். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு என்ரை வாயாலை ஆர் கதைக்கிறது எண்டு உனக்குத் தெரியுந்தானே அண்ணை,” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கிணற்றைச் சுற்றிப் பார்த்தார்கள். மதில் கட்ட வேண்டும் என்கிறார்கள். தையோடு அது அவர்கள் கிணறு. ஊற்றுவதும் ஊற்றாததும் அவர்கள் இஷ்டம்.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். கேட்காதே என்றீர்கள், கேட்கிறேன்.

தம்பி,
கதிரவேலு

*

கோண்டாவில்
20.12.1938

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு மாதம். உங்கள் மூவருக்கும் சுகம் குறைவில்லை என்று ஐயாவுக்கு வந்த கடிதத்தை வைத்து நானே நினைத்துக்கொள்கிறேன். அதிலே மூவர் என்று இல்லை. நான் என்று மட்டும் இருந்தது.

உங்கள் சார்பில் ஐயா கையெழுத்து வைக்கலாம் என்ற அற்றோணிப் பத்திரத்தில் நீங்கள் ஒப்பம் வைத்து அனுப்பியது வந்துவிட்டது. வரும் தை இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு நொத்தாரிசு உறுதி முடிக்கிறார். காணி, கிணறு, துலா, வழி வாய்க்கால் எல்லாம் நல்லம்மா பெயருக்கு. ஏரம்பு பகுதியாரின் உரிமையை உறுதியில் ஒரு வரியாகச் சேர்த்தால் பிறகு வருகிறவர் ஒருவரும் அழிக்க முடியாது. நொத்தாரிசு எனக்குப் படிப்பித்தவர். சொந்தக்காரன் சம்மதித்தால் சேர்ப்பேன், ஐயா கத்தினாலும் சேர்ப்பேன் என்கிறார்.

நீண்ட கடிதம் வேண்டாம். காரணம் எழுத வேண்டாம். றோஸின் பெயரும் வேண்டாம். சம்மதம் என்று நொத்தாரிசுக்கு ஒரு சொல் தந்தி அடியுங்கள்: ஓம். அவ்வளவுதான். யாரும் கேட்டால் தம்பி கரைச்சல் படுத்தினான் என்று என்மேல் போடுங்கள். நான் ஏற்கெனவே ஊரில் கெட்டவன்.

அன்று மத்தியானம் முதல் தபாற்கந்தோரில் இருப்பேன்.

கமலாவதி இப்போது நிழல் அளவு சொல்வதில்லை. நான் கேட்டேன். “இனி எதுக்கு வாத்தியார்?” என்றாள்.

தம்பி,
கதிரவேலு

*

கோண்டாவில்
21.1.1939

அண்ணை,

நேற்றுப் பன்னிரண்டு மணிக்குப் போய் வாங்கில் இருந்தேன். தந்திக் கருவி தட்டும்போதெல்லாம் எழும்பினேன். ஒன்று புகையிலை வியாபாரிக்கு, ஒன்று ஒரு சாவீட்டுக்கு. “என்ன வாத்தியார், லொத்தர் விழுந்திட்டுதோ?” என்று தபாலதிபர் பகிடி பண்ணினார். நாலரைக்கு நொத்தாரிசு குடையோடு தெருவில் வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உறுதி முடிந்தது. அந்த வரி இல்லை.

இன்று காலையும் நான்தான் ஊற்றினேன். மதிலுக்குக் கல் வந்து இறங்கியிருக்கிறது. ஏரம்புதான் வண்டிலிலிருந்து இறக்கினான்.

உங்களிடம் இனிக் கிணறு இல்லை. ஆகவே கடிதமும் தந்தியும் கேட்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும், உங்கள் கையெழுத்தில் வேண்டும். எத்தனை வருஷம் போனாலும் ஒருநாள் அருந்ததி இந்தப் படலையைத் திறந்துகொண்டு வருவாள். தாகத்தோடு வருவாள். வாத்தியார் வேலையில் நான் இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், இதை உங்கள் ஒருவரிடம் கேட்கிறேன்: உங்கள் மகள் கயிற்றைப் பிடிப்பாளா, கையேந்தி நிற்பாளா?

எழுதுங்கள்.

கதிரவேலு